நிலம் யார் பேரில்? ஜீஸ் பெண்ட் என்ற சின்ன ஊரின் கதை

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் ஓடும் அலபாமா ஆறு போகிற போக்கில் ஓரிடத்தில் லாடம் போல வளைந்து திரும்புகிறது. மூன்று பக்கமும் தண்ணீர். நான்காவது பக்கத்தில் மட்டும் தரைவழி. அந்த லாடத்துக்குள் இருக்கும் ஊர்தான் ஜீஸ் பெண்ட். பெண்ட் என்றால் வளைவு. ஜீ என்பது அங்கே முதலில் பண்ணை போட்ட வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர். இன்று ஊரில் இருப்பவர்கள் சில நூறு பேர். கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினத்தவர்கள். அவர்களில் ஏகப்பட்ட பேருக்குக் குடும்பப் பெயர் ஒன்றுதான்: பெட்வே.

வெளியுலகத்துக்கு இந்த ஊரைத் தெரிய வைத்தவை அங்குள்ள பெண்கள் பழந்துணியில் தைத்த குயில்ட் போர்வைகள். அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களில் அவை தொங்குகின்றன, தபால் தலையிலும் வந்திருக்கின்றன. ஆனால் போர்வைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால், "இத்தனை ஏழ்மையிலும் எவ்வளவு அழகு" என்று உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். எனக்கு அது போதவில்லை. இந்த ஊர் எப்படி உண்டானது, எப்படிப் பிழைத்தது, சுற்றியிருந்த பல ஊர்கள் கலைந்துபோனபோது இது மட்டும் எப்படி நின்றது என்று கேட்டுக்கொண்டே போனால், நம் ஊரில் பத்திரம் பார்க்கும்போது கேட்கிற அதே கேள்வியில்தான் வந்து நிற்கிறோம். நிலம் யார் பேரில் இருக்கிறது?

அமெரிக்கத் தென்பகுதிக் கிராமம் எப்படி இருக்கும், அங்கே வாரச் சாகுபடி, அதாவது அடுத்தவர் நிலத்தை உழுது விளைச்சலைப் பங்குபோடுவது, எப்படி நடந்தது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள வருபவர்களுக்கு, பத்து ஊரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதைவிட இந்த ஒரு ஊரைச் சொல்வது சுலபம்.

ஊரும் பேரும்

முதலில் மண். அலபாமாவின் நடுவே குறுக்காகப் போகும் ஒரு நிலப்பகுதிக்கு பிளாக் பெல்ட் என்று பெயர். மண்ணின் கறுப்பால் வந்த பெயர் அது. கோவில்பட்டிக் கரிசலைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம், பருத்திக்கென்றே அமைந்த பூமி. அங்கே வாழ்ந்தவர்கள் கிரீக் பூர்வகுடிகள். 1814இல் போரில் தோற்று, ஓர் உடன்படிக்கையில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தார்கள். அந்தச் சூட்டோடு கிழக்கேயிருந்த பழைய மாநிலங்களின் பண்ணைக்காரர்கள் இங்கே வந்து குவிந்தார்கள். வட கரோலினாவிலிருந்து 1816இல் வந்த ஜோசப் ஜீ அவர்களில் ஒருவர். கூடவே தன் அடிமைகளையும் கொண்டுவந்தார்.

அவருக்குப் பிறகு பண்ணை வாரிசுகள் கைக்குப் போனது. 1845இல் அவர்கள் மார்க் பெட்வே என்ற உறவினருக்கு அதைக் கொடுத்தார்கள். 29,000 டாலர் கடன் பாக்கி இருந்தது, அதற்கு ஈடாக. நிலத்தோடு அதில் உழைத்த மனிதர்களும் கைமாறினார்கள். அடுத்த ஆண்டு பெட்வே குடும்பம் வட கரோலினாவிலிருந்து குடிபெயர்ந்தது. அவர்களுடைய அடிமைகள் சுமார் நூறு பேர். அதில் சமையல் செய்யும் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் நடந்தே வந்தார்கள். நடுவில் தென் கரோலினா, ஜார்ஜியா என்று இரண்டு மாநிலங்கள் கிடக்கின்றன. ரயிலில் ஒரு ராத்திரி போய்விட்டு வந்தாலே நமக்கு உடம்பு வலிக்கிறது.

நடந்து வந்தவர்களுக்கு எஜமானின் பெயரே குடும்பப் பெயரானது. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று ஒரு பெட்வே இன்னொரு பெட்வேயைக் கல்யாணம் செய்துகொள்வது அங்கே சாதாரணம். ரத்த உறவு இருக்க வேண்டும் என்பதில்லை, முன்னோர்கள் ஒரே எஜமானுக்கு உடைமையாக இருந்திருந்தால் போதும்.

வாரமும் வணிகரின் நோட்டும்

விடுதலை வந்தது. நிலம் வரவில்லை. தென்பகுதியின் அடுத்த நூறு வருஷ வரலாற்றுக்கு இதுதான் சாவி என்று நினைக்கிறேன். போர் முடியும் சமயத்தில் கடலோரத்தின் ஒரு பகுதியில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் பிரித்துக் கொடுக்க ராணுவத் தளபதி ஒருவர் உத்தரவிட்டார். அதே ஆண்டிலேயே அந்த உத்தரவு ரத்தானது. கொடுத்த நிலமும் பழைய முதலாளிகளிடம் திரும்பப் போனது. மற்ற இடங்களில் அந்தப் பேச்சே எழவில்லை. நேற்றுவரை அடிமையாக உழைத்தவர், இன்றைக்கு அதே வயலில், அதே குடிசையிலிருந்து, அதே பருத்தியைப் பயிரிட வேண்டும். என்ன பேரில்? வாரத்தில், அல்லது குத்தகையில்.

இரண்டும் நமக்குத் தெரிந்த முறைகள்தான். கையில் எதுவும் இல்லாதவர் வாரத்துக்கு உழுவார். நிலம், விதை, கோவேறு கழுதை, கலப்பை எல்லாம் நிலக்காரருடையது. விளைச்சலில் பாதி அவருக்கு. சொந்தமாகக் கழுதையும் கலப்பையும் வைத்திருப்பவர் குத்தகைக்கு எடுப்பார். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய பருத்தியை அளந்துவிட வேண்டும். ஜீஸ் பெண்டில் பலர் இப்படிக் குத்தகைக்குப் பயிரிட்டவர்கள். கழுதை தங்களுடையது என்ற ஒரு சின்னப் பெருமை அவர்களுக்கு இருந்தது.

ஆனால் கழுத்தை நெரித்தது நிலக்காரர் மட்டுமில்லை. மூன்றாவதாக ஒருவர் உண்டு, கடை வைத்திருக்கும் வணிகர். பருத்தி விதைப்பது வசந்தத்தில், பணம் கிடைப்பது இலையுதிர் காலத்தில். நடுவே இருக்கும் ஆறேழு மாதம் எதைச் சாப்பிடுவது? வணிகர் மாவு, உப்பு, பன்றிக்கொழுப்பு, துணி, உரம் எல்லாம் கடனாகக் கொடுப்பார். அதற்கு ஈடு, இன்னும் முளைக்காத பயிர். கடன் வாங்கினால் ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை, மேலே வட்டி. கணக்கு நோட்டு அவர் கையில். எழுதப் படிக்கத் தெரியாதவர் அந்த நோட்டோடு எப்படி வாதாட முடியும்? அறுவடை முடிந்து பருத்தியைக் கொண்டுபோய்ப் போட்டால், "இந்த வருஷமும் கொஞ்சம் பாக்கி நிற்கிறது" என்று பதில் வரும். பாக்கி நின்றால் வேறு கடைக்குப் போக முடியாது, ஊரை விட்டும் போக முடியாது. உணவுப்பயிர் போடலாம் என்றால் வணிகர் சம்மதிக்க மாட்டார், பருத்திதான் பணம். மண் கெடக்கெடப் பருத்தி, விலை விழவிழப் பருத்தி.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெட்வே குடும்பம் நிலத்தை விற்றுவிட்டது. வாங்கியவர் டஸ்கலூசா நகரத்து வழக்கறிஞர், ஏட்ரியன் வான் டி கிராஃப். அந்தப் பெயரைப் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பெரிய உலோகக் கோளத்தில் மின்னேற்றம் சேர்க்கும் வான் டி கிராஃப் மின்னியற்றியைக் கண்டுபிடித்த ராபர்ட் வான் டி கிராஃப் இவருடைய மகன். நிலக்காரர் ஊரில் குடியிருக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் அநேகமாக யாருமே அந்த வளைவுக்குள் வசிக்கவில்லை. அதனால் முந்தைய நூற்றாண்டில் நடந்து வந்த குடும்பங்கள் அப்படியே அடைந்து கிடந்தன. பேச்சு, பாட்டு, தையல் எல்லாம் தாய் கையிலிருந்து மகள் கைக்கு, வெளிக்காற்று படாமல் போனது.

1920களில் பருத்தி விலை சரிய ஆரம்பித்தது. முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் பவுண்டு 35 சென்ட்டுக்குப் போனது, 1931இல் ஆறு சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேம்டன் நகரத்து வணிகர் ஒருவர், ஜீஸ் பெண்ட் குடும்பங்களுக்குத் தொடர்ந்து கடன் கொடுத்து வந்தார். 1932இல் அவர் இறந்தார். வாரிசுதாரர்கள் கடனை உடனே வசூலிக்கக் கிளம்பினார்கள்.

சுமார் 60 குடும்பங்கள். வந்தவர்கள் பணம் கேட்டு நிற்கவில்லை, இருப்பதை எடுத்தார்கள். கோவேறு கழுதை, மாடு, பன்றி, கோழி, வண்டி, கலப்பை, களத்தில் இருந்த மக்காச்சோளம், குழியில் புதைத்து வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. குளிர்காலம் வாசலில் நிற்கும்போது வீட்டில் தின்பதற்கு ஒன்றுமில்லாமல் துடைத்து எடுத்தார்கள். காட்டுப் பழம், ஆற்று மீன், வேட்டையில் கிடைப்பது என்று அந்தக் குளிர்காலம் போனது. செஞ்சிலுவைச் சங்கம் உணவுப் பொருள் அனுப்பாமல் இருந்திருந்தால் பலர் செத்திருப்பார்கள். கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களே, கழுதை தங்களுடையது என்று. அதுவும் போனது.

பத்திரம் கைக்கு வந்தது

இந்த ஊரின் கதை மற்ற வாரச் சாகுபடி ஊர்களிலிருந்து பிரிவது இங்கேதான். அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம் 1930களின் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்கக் கொண்டுவந்த திட்டங்களில் ஒன்று, நொடித்துப்போன விவசாயிகளை மீண்டும் நிலத்தில் ஊன்ற வைப்பது. அதன் கீழ் ஜீஸ் பெண்டுக்கு முதலில் விதைக்கும் கழுதைக்கும் கடன் வந்தது. 1937இல் மத்திய அரசு பழைய பண்ணை உட்பட அங்கே சுமார் 10,000 ஏக்கரை வாங்கியது. அதைச் சிறு பண்ணைகளாகப் பிரித்தது. பள்ளிக்கூடம், கடை, பருத்தி அரைவை ஆலை, மருத்துவ நிலையம் எல்லாம் கட்டினார்கள். மரப்பலகையில் புது வீடுகள் எழும்பின. ஊரில் அதற்கு ரூஸ்வெல்ட் வீடு என்றே பெயர்.

அதற்கு முந்தைய வீடு எப்படி இருந்தது என்பதற்கு ஆர்தர் ராத்ஸ்டைன் 1937இல் எடுத்த ஒரு படம் சாட்சி. அரசுக்காக ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தவர் அவர். மரக்கட்டைகளை அடுக்கி இடைவெளியில் மண் பூசிய சுவர். ஜன்னலில் ஒரு சிறுமி பக்கவாட்டில் பார்த்து நிற்கிறாள். திறந்திருக்கும் மரக்கதவின் உட்புறத்தில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது, குளிர்க்காற்று நுழையாமல் இருக்க. அந்தத் தாளில் உணவுப் பண்டங்களின் விளம்பரம், சிரித்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். ஐந்து வருஷத்துக்கு முன்பு சோளக்களம் வரை பறிகொடுத்த ஊர் அது. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தக் கதவு மறக்காது.

1940களில் அந்தச் சிறு பண்ணைகளை அங்கே உழுதவர்களுக்கே அரசு குறைந்த வட்டித் தவணைக் கடனில் விற்றது. நூறு வருஷத்துக்கு முன் விலைக்கு வாங்கப்பட்டு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே மண்ணுக்கு அதே பெட்வே என்ற பெயரில் பத்திரம் வாங்கினார்கள். ஊரில் பலர் விட்டுப்போகாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். தென்பகுதியிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சிகாகோ, டெட்ராய்ட் என்று வடக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. இங்கிருந்தும் போனார்கள்தான், ஆனால் வீடும் நிலமும் சொந்தம் என்பதால் திரும்பி வர ஓர் இடம் இருந்தது.

1949இல் அஞ்சல் நிலையத்துக்கு ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் பெயரை வைத்து ஊரை பாய்கின் ஆக்கினார்கள். வரைபடத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

ஒரு வருஷம் எப்படிப் போகும்

பருத்தி ஊரில் நாள்காட்டி என்பது பருத்திதான். ஏப்ரலில் விதைப்பு. மே, ஜூனில் மண்வெட்டியோடு வரிசை வரிசையாகப் போய், நெருங்கி முளைத்த செடியைக் கலைத்து, களையை வெட்ட வேண்டும். குழந்தைகள் முதல் கிழவி வரை எல்லோருக்கும் வேலை. ஜூலைக் கடைசியில் செடி தானாக வளரும் அளவுக்கு வந்ததும் கொஞ்சம் ஓய்வு. தேவாலயங்களில் நாள்கணக்கில் கூட்டம் நடப்பது அப்போதுதான். ஆகஸ்ட் கடைசியில் காய் வெடித்ததும் எல்லாம் மறந்துபோகும்.

பருத்தி எடுப்பது தூரத்திலிருந்து பார்க்கத்தான் லேசான வேலை. தோளில் மாட்டிய நீளமான கித்தான் பை பின்னால் தரையில் இழுபடும். வெடித்த காயின் ஓடு காய்ந்து முள்ளாக நிற்கும், விரல் நுனியைக் கிழிக்கும். செடி இடுப்புயரம், அதனால் நாள் முழுக்கக் குனிந்தபடி. வேகமான ஆள் ஒரு நாளில் 200 பவுண்டு எடுப்பார். அப்படி 1,500 பவுண்டு சேர்ந்தால் விதை நீக்கி 500 பவுண்டு எடையுள்ள ஒரு பேல், அதாவது பஞ்சுப் பொதி, கிடைக்கும். இதில் பள்ளிக்கூடம் எங்கே வருகிறது? வயலில் வேலை இல்லாத மாதங்களில். பழைய தலைமுறைப் பெண்கள் பலர் வருஷத்துக்கு இரண்டு மூன்று மாதம்தான் பள்ளிக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

குளிர் வந்ததும் பன்றி அடித்து உப்பிட்டு வைப்பார்கள். தோட்டத்தில் கீரை, குழியில் கிழங்கு. ஞாயிற்றுக்கிழமை பாப்டிஸ்ட் சபை. வாத்தியம் இல்லாமல் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் நீட்டி இழுத்துப் பாடும் பழைய பாட்டுகள். 1941இல் ராபர்ட் சாங்கின் என்பவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அந்தப் பாட்டுகளைப் பதிவுசெய்து போனார். அப்புறம், குளிர்கால ராத்திரிகள் தையலுக்கு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

கடை, நீதிமன்றம், வாக்காளர் பதிவு அலுவலகம் எல்லாம் கேம்டனில். ஆற்றைக் கடந்தால் கொஞ்ச தூரம். கார் ஏற்றும் ஒரு படகுத் தெப்பம் ஓடிக்கொண்டிருந்தது. படகு இல்லையென்றால் சுற்றிக்கொண்டு சுமார் 40 மைல், அதுவும் அந்தக் காலத்தில் மண் சாலையில்.

கேம்டனைத் தலைநகராகக் கொண்ட வில்காக்ஸ் மாவட்டத்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் கறுப்பின மக்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. எப்படி முடிந்தது? எழுத்தறிவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதையும் தாண்டினால் இன்னொரு விதி: ஏற்கெனவே பதிவான வாக்காளர் ஒருவர் வந்து உங்களுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். பதிவானவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அவர்களில் யாரும் வர மாட்டார்கள். ஒரு கறுப்பினத்தவர்கூடப் பட்டியலில் ஏறாமல் பார்த்துக்கொள்ள இந்த ஒரு விதி போதும்.

1960களின் தொடக்கத்தில் ஜீஸ் பெண்ட்காரர்கள் கேம்டனுக்குப் போய்ப் பதிவு கேட்க ஆரம்பித்தார்கள். 1962இல் படகு நின்றது. வாக்குரிமை கேட்டதற்குத் தண்டனை என்றுதான் ஊரில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அவர்கள் சுற்றுவழியில் போனார்கள். 1965 பிப்ரவரியில், மழை பெய்த ஓர் இரவில் மார்ட்டின் லூதர் கிங் ஊருக்கு வந்து பிளசன்ட் குரோவ் சபையில் பேசினார். நீங்கள் மதிப்புள்ள மனிதர்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்பது அவர் பேச்சின் சாரம். பிறகு கேம்டனில் ஊர்வலம், கண்ணீர்ப்புகை, சிறை. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

இங்கே மறுபடி அந்தப் பத்திரத்துக்கு வருகிறேன். அதே மாவட்டத்தில் வாரத்துக்கு உழுதவர்கள் பெயரைப் பதிந்தால், நிலக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். பல குடும்பங்கள் அப்படித் தெருவுக்கு வந்தன. ஜீஸ் பெண்டில் சொந்த நிலம் வைத்திருந்தவர்களை அப்படி வெளியே அனுப்ப யாராலும் முடியவில்லை. அவர்களுடைய துணிச்சல் மற்றவர்களைவிடப் பெரியது என்று நான் சொல்ல மாட்டேன். பதிவு அலுவலகத்து வரிசையில் நின்றுவிட்டு ராத்திரி போய்ப் படுக்க அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. துணிச்சலுக்கும் அப்படி ஒரு திண்ணை வேண்டியிருக்கிறது.

படகு? 44 வருஷம் கழித்து, 2006இல் திரும்ப ஓடியது. 2019இல் அதை மின்கலத்தில் ஓடும் படகாக மாற்றினார்கள். அமெரிக்காவில் கார் ஏற்றும் மின்படகு என்றால் இதுதான் முதல். கடக்கக் கால் மணி நேரம் போதும்.

அறுபதுகளின் கடைசியில் இன்னொரு அடி விழுந்தது. மில்லர்ஸ் ஃபெரியில் அணை கட்டியபோது ஆற்றங்கரையில் இருந்த நல்ல வண்டல் நிலம் தண்ணீருக்குள் போனது. ஊரில் விவசாயம் தேய ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

கடைசியில், துணி

குயில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து நூலோட்டித் தைத்துவிட வேண்டும். பழைய பருத்திச் சேலைகளை மடித்துக் குழந்தைக்கு மெத்தை தைக்கும் பாட்டிகளுக்கு இதில் பாதி தெரியும்.

மேல்முகத்தைத் தைப்பது ஒருத்தி தனியாக, தன் வீட்டில், தன் மனசுக்குப் பட்டபடி. அடுக்குகளைச் சேர்த்து நூலோட்டும்போதுதான் மற்ற பெண்கள் வந்து சட்டத்தைச் சுற்றி உட்கார்வார்கள், பாட்டும் ஜெபமுமாக வேலை போகும். துணி எங்கிருந்து? கிழிந்த வேலைச்சட்டை, ஜீன்ஸ் கால்சட்டை, மாவு மூட்டை, உர மூட்டை. பஞ்சு? அரைவை ஆலையின் தரையில் கூட்டி அள்ளிய கழிவுப் பருத்தியைக் குச்சியால் அடித்து அடித்துப் பரப்புவார்கள். கடையில் வாங்கியது என்று அதில் அநேகமாக ஒன்றும் இருக்காது.

அவர்களுக்குப் பிடித்த ஒரு வடிவத்தின் பெயர் ஹவுஸ்டாப், அதாவது வீட்டுக் கூரை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையைத் தைக்கிறீர்கள். பிறகு அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று சுற்றிக்கொண்டே போகிறீர்கள், கட்டில் அளவு வரும்வரை. சதுரத்துக்குள் சதுரம். அளவுகோல் கிடையாது, அதனால் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் சாயும். ஒரு பட்டை நீளம் போதாவிட்டால் கையில் கிடைத்த வேறு நிறத்தை ஒட்டுப் போடுவார்கள். பார்ப்பவர் கண் போய் நிற்பது அந்த ஒட்டில்தான். சாதாரண நீளப் பட்டைகளை மட்டும் இணைப்பதற்கு 'சோம்பேறிப் பெண்' என்று பெயர். எந்த வகையிலும் சேராதது 'என் வழி'.

வசந்தம் வந்ததும் குளிருக்குப் போர்த்திய எல்லாவற்றையும் வெளியே கொடியில் காயப்போடுவார்கள். அந்த நாளில் ஊரைச் சுற்றி நடந்தால் யார் என்ன தைத்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். மார்கழியில் தெருக்கோலங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பது போல. பார்த்ததை அப்படியே எடுத்துப் போட்டால் மதிப்பில்லை, அதில் உன் கை எங்கே என்று கேட்பார்கள்.

அப்படிக் கொடியில் தொங்கிய போர்வைகளைப் பார்த்துத்தான் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாருக்கு யோசனை வந்தது. அவரும் ஊர்ப்பெண்களும் சேர்ந்து 1966இல் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் ஏலம், பெரிய கடைகளில் விற்பனை, பெண்கள் கையில் முதல்முறையாகக் கூலிப்பணம். 1968இல் தையல்கூடம் கட்ட 23 ஏக்கர் வாங்கினார்கள். வாக்காளராகப் பெயர் பதிந்ததற்காக வெளியேற்றப்பட்ட சில குடும்பங்களுக்கு அதில் மனை கொடுத்தார்கள். இந்த ஊரின் கதையில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இது. பத்திரத்தின் அருமை தெரிந்தவர்கள் செய்கிற காரியம்.

கூட்டுறவில் ஒரு குறையும் இருந்தது. கடைகளுக்கு எல்லாப் போர்வையும் ஒரே அளவில், ஒரே வடிவில், பிசிறில்லாமல் வேண்டும். என் வழிக்கு அங்கே இடமில்லை, தைத்தவர் பெயருக்கும் இடமில்லை. 1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. தங்க நிறம், வெண்ணெய்ப்பழப் பச்சை என்று அந்தக் காலத்து நிறங்கள். உறைகள் சியர்ஸுக்குப் போயின. வெட்டிய துண்டுகள் மூட்டை மூட்டையாக வீடுகளுக்குப் போயின, அங்கே அவரவர் இஷ்டப்படி போர்வையாயின. ஊரின் மிக அழகான போர்வைகளில் சில அந்தத் துண்டுகளால் ஆனவை.

1998இல் வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ஊரைத் தேடி வந்தார். படத்தில் ஆனி மே யங் என்ற பெண்ணின் போர்வை ஒன்று விறகுக் குவியலின் மேல் கிடந்தது. வந்து கேட்டபோது, போன வாரம்தான் சில பழைய போர்வைகளைக் கொளுத்தினேன், அதுவும் போயிருக்கும் என்றார் ஆனி மே. பருத்தி எரியும் புகைக்குக் கொசு வராது. மறுநாள் போர்வை கிடைத்துவிட்டது, சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆர்னெட் அதற்கும் இன்னும் சிலவற்றுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் டாலர் கொடுத்தார். 2002இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி, பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில். விமர்சகர்கள் மத்தீஸ், கிளே என்று ஓவியர்களின் பெயர்களை அடுக்கினார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். எனக்கு அந்த ஒப்பீடு அவசியமாகப் படவில்லை, ஓர் ஹவுஸ்டாப்பைப் புரிந்துகொள்ள அடுத்த வீட்டுக் கொடியில் தொங்கும் இன்னொரு ஹவுஸ்டாப் போதும். 2006இல் பத்துத் தபால் தலைகள் வந்தன. அடுத்த ஆண்டு, வடிவங்களின் உரிமையும் வருமானமும் யாருக்கு என்று சில பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 2008இல் சமரசமாக முடிந்தது. யார் பேரில் என்ற கேள்வி போர்வைக்கும் வரத்தான் செய்தது.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் ஒரு போர்வையைச் சொல்லி முடிக்கிறேன். தைத்தவர் மிசௌரி பெட்வே, ஆண்டு 1942. கணவர் இறந்திருந்தார். மூத்த மகள் ஆர்லோன்சியாவைக் கூட உட்கார வைத்துக்கொண்டு, கணவர் வயலுக்குப் போட்டுப்போன துணிகளை எடுத்துக் கிழித்தார். இதை ஒரு போர்வையாகத் தைத்து, அவரை நினைத்துக்கொண்டு, அன்போடு அதற்குள் படுத்துக்கொள்வேன் என்று அம்மா சொன்னதாக மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நீலமும் சாம்பலும் பழுப்புமாக நீளப் பட்டைகள். சலவையிலும் வெயிலிலும் வெளுத்த துணி. வயலில் உழைத்த உடம்பின் அளவுக்கு வெட்டிய கால்சட்டையின் நீளம்தான் அந்தப் பட்டைகளின் நீளம். பக்கத்தில் உள்ள அட்டையில் மிசௌரி பெட்வே என்று அவர் பெயர் இருக்கிறது.